திங்க்பேட் எக்ஸ்200-இல் ஓபன்பிஎஸ்டி 7.8: பென்டிரைவ் பூட் ஆகவில்லை

#1 பனங்காட்டு_நரி

வணக்கம் மக்களே. திங்க்பேட் எக்ஸ்200, கோர் 2 டுவோ பி8400, ரேம் 2+2 மொத்தம் 4 ஜிபி, புதுசா 120 ஜிபி எஸ்எஸ்டி. பேட்டரி செத்தாச்சு, அடாப்டரை உருவினா உடனே அணையுது. ஓபன்பிஎஸ்டி 7.8 (யூனிக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம்) போடணும். வேலை: தமிழ்ல கட்டுரை தட்டுறது, எஸ்எஸ்ஹெச், கொஞ்சம் பிரவுசர்.

இன்ஸ்டால்78.ஐஎஸ்ஓ-வை டிடி கட்டளையால பென்டிரைவ்ல எழுதியிருக்கேன். எஃப்12 மெனுவுல பென்டிரைவ் பேரு வருது. எண்டர் தட்டினா ஒரு கணம் கருப்புத் திரை, மறுபடி அதே மெனு. வேற பென்டிரைவ், வேற போர்ட், எல்லாம் பார்த்தாச்சு. பயாஸ்ல எதாவது மாத்தணுமா?

#2 மூலவேர்

பயாஸில் தப்பில்லை, கோப்புதான் தப்பு. லினக்ஸ் வெளியீடுகளின் ஐஎஸ்ஓ பெரும்பாலும் இரட்டைப் பிறவி. சிடியிலும் எழுதலாம், பென்டிரைவிலும் எழுதலாம். ஓபன்பிஎஸ்டியின் ஐஎஸ்ஓ அப்படிக் கட்டப்பட்டதில்லை, அது சிடிக்கு மட்டும். பென்டிரைவுக்கு அதே ஃபோல்டரில் இன்ஸ்டால்78.ஐஎம்ஜி இருக்கும், அதை எடுங்கள். ஏஎம்டி64 ஃபோல்டரில் இருந்து. இன்டெல் சிப்புக்கு ஏன் ஏஎம்டி என்று குழம்ப வேண்டாம், 64 பிட்டுக்கு அதுதான் பெயர்.

லினக்ஸிலிருந்து எழுதினால்:

டிடி ஐஎஃப்=இன்ஸ்டால்78.ஐஎம்ஜி ஓஎஃப்=/டெவ்/எஸ்டிபி பிஎஸ்=1எம் கான்வ்=எஃப்சிங்க்

(ஒலிப்பில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில். சின்ன எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசம் உண்டு.) எஸ்டிபி என்பது முழு பென்டிரைவ். எஸ்டிபி1 என்று எண் சேர்த்தால் பார்ட்டிஷனுக்குள் போய் எழுதிவிடும், மறுபடி பூட் ஆகாது. எழுதும் முன் எல்எஸ்பிஎல்கே தட்டி, அளவைப் பார்த்து எது பென்டிரைவ் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். விண்டோஸ் என்றால் ரூஃபஸ் போதும்.

எழுதுவதற்கு முன்னால் எஸ்ஹெச்ஏ256 தொகையை (கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் எண்) சரிபார்ப்பதை விட்டுவிடாதீர்கள். இதற்குத் தனிக் காரணம் இருக்கிறது, இன்ஸ்டாலர் பாதி வழியில் ஒரு கேள்வி கேட்கும்போது சொல்கிறேன்.

பூட் பண்ணும் முன் எஃப்1 தட்டி பயாஸுக்குள் போய் இரண்டு விஷயம் பாருங்கள். சாட்டா கன்ட்ரோலர் ஏஹெச்சிஐ முறையில் இருக்கட்டும். தேதியும் நேரமும் சரியாக இருக்கட்டும். தேதி பல வருடம் பின்னால் இருந்தால் ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் எல்லாம் செல்லாது என்று அடம்பிடிக்கும், நீங்கள் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முக்கியமாக, முதல் நாளுக்கு ஒரு லேன் கேபிள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

#3 கடுங்காப்பி

கேட்கிறேன் என்று தப்பா எடுத்துக்க வேண்டாம். இந்த மெஷினுக்கு லினக்ஸ் வெளியீடான டெபியன் 13 போட்டால் என்ன? 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 பழைய 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலரைத்தான் கைவிட்டது. பி8400 அசல் 64 பிட், தாராளமா ஓடும். டெபியன் 12-லிருந்தே வைஃபை ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்ற வேண்டிய நிரல்) இன்ஸ்டாலருக்குள்ளேயே வருது, லேன் கேபிள் தேடி அலைய வேண்டாம். அதன் ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4-க்கு ஜர்னல் (மாற்றங்களை முன்னாடியே குறிச்சு வைக்கிற பதிவேடு) உண்டு. எஸ்எஸ்டிக்கு டிரிம் (எந்த இடம் காலின்னு எஸ்எஸ்டிக்குச் சொல்ற வசதி) உண்டு. ப்ளூடூத் உண்டு. ஓபன்பிஎஸ்டியில் இந்த மூன்றும் கிடையாது. அதுவும் பேட்டரி செத்த லேப்டாப், கரண்ட் போனா பொட்டுனு அணையும். ஜர்னல் இல்லாத ஃபைல் சிஸ்டத்தை அதில் போடச் சொல்றது நியாயமா மூலவேர் சார்?

#4 மூலவேர்

மூன்றும் உண்மை. ப்ளூடூத்தை 2014-லேயே எடுத்துவிட்டார்கள், திரும்ப வரும் அறிகுறி இல்லை. டிரிம் இல்லை. ஓபன்பிஎஸ்டியின் ஃபைல் சிஸ்டமான எஃப்எஃப்எஸ்-க்கு ஜர்னல் இல்லை. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அதே மெஷினில் பிரவுசர் டெபியனில் ஓடுவதைவிட ஓபன்பிஎஸ்டியில் மந்தமாகத்தான் ஓடும்.

ஆனால் அவர் கேட்டது எதைப் போடலாம் என்று இல்லை. எஸ்எஸ்ஹெச், டெர்மினல், எழுத்து வேலை என்கிறார். அதற்கு இது நன்றாக அமையும். அடிப்படை சிஸ்டம் ஒரே கையால் எழுதினது மாதிரி இருக்கும், மேன் பக்கங்களை நம்பி வேலை செய்யலாம், எக்ஸ்200-இன் கிராஃபிக்ஸ், லேன், ஒலி, சஸ்பெண்ட் எல்லாம் கையைக் கடிக்காமல் வேலை செய்யும். கரண்ட் விஷயத்துக்குத் தனியாக வருவோம்.

#5 குழாய்வழி

பிஎஸ்டியும் வேணும் ஜர்னலும் வேணும்னா நெட்பிஎஸ்டி 10 பாருங்க. அதே எஃப்எஃப்எஸ்தான், மவுன்ட் ஆப்ஷன்ல லாக் என்று சேர்த்தா ஜர்னல் வந்துடும். இழையைத் திசைதிருப்பலை, சொல்லிட்டுப் போறேன்.

#6 ஈயப்பற்று

சாஃப்ட்வேர் பஞ்சாயத்துக்கு முன்னாடி இரும்பைப் பார்ப்போம் தம்பி.

முதல்ல சிமாஸ் பேட்டரி, பயாஸ் அமைப்பையும் தேதியையும் காப்பாத்துற குட்டி பேட்டரி. ஆன் பண்ணும்போது 0271 அல்லது 0251 என்று எண் காட்டுதா? 0271 தேதி தப்பு, 0251 சிமாஸ் செக்சம் தப்பு. எது வந்தாலும் உள்ளே இருக்கிற சிஆர்2032 செத்துப்போச்சுன்னு அர்த்தம். சும்மா காசு பேட்டரி வாங்கி வைக்க முடியாது, ரெண்டு ஒயர் பற்றவைச்சு கனெக்டரோட வர்ற ரகம் வேணும். மெயின் பேட்டரியும் இல்லை, இதுவும் இல்லைன்னா, அடாப்டரை உருவுற ஒவ்வொரு தடவையும் பயாஸ் எல்லாத்தையும் மறந்துடும்.

ரெண்டாவது ரேம். 4 ஜிபி போதும், ஆனா பிரவுசர்னு சொன்னதால 8 ஆக்கலாம். டிடிஆர்3 சோடிம், 1066, 4 ஜிபி ரெண்டு. ஒத்தை 8 ஜிபி குச்சி இந்த சிப்செட்டுல ஏறாது. 4 ஜிபி குச்சியிலயும் எல்லாம் ஏறாது. ஸ்டிக்கர்ல 2ஆர்எக்ஸ்8 என்று போட்டிருக்கணும், குச்சியில பக்கத்துக்கு 8 வீதம் 16 சிப்பு இருக்கணும். 1ஆர்எக்ஸ்8-னா மொத்தமே 8 சிப்புதான். ஒவ்வொண்ணும் 4 கிகாபிட், ஜிஎம்45-க்கு அந்த அடர்த்தி படிக்கத் தெரியாது. ஆன் பண்ணா பீப் சத்தம்தான் வரும். ரிச்சி தெருவுல கேட்டா "டிடிஆர்3 எல்லாம் ஒண்ணுதான் சார்"னு கையில திணிப்பாங்க, ஸ்டிக்கரைப் பார்த்து எண்ணிப் பார்த்து வாங்குங்க.

மூணாவது, வைஃபை கார்டை மாத்துற ஆசை வேண்டாம். பயாஸ்ல அனுமதிப் பட்டியல் இருக்கு. பட்டியல்ல இல்லாத கார்டைச் செருகினா 1802 காட்டி அப்படியே நின்னுடும், பூட்டே ஆகாது. உள்ளே இன்டெல் 5100 அல்லது 5300 இருக்கும், அதுவே நல்ல கார்டு.

வாங்கப்போறவங்களுக்கு: எஃப்1 தட்டி பயாஸ் பாஸ்வேர்ட் கேட்காம உள்ளே போகுதான்னு கடையிலேயே பாருங்க. இந்தத் தலைமுறை திங்க்பேட்ல சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் தனிச் சிப்புல இருக்கும். சிமாஸ் பேட்டரியைக் கழட்டினாலும் போகாது.

#7 பனங்காட்டு_நரி

ஐஎம்ஜி எழுதினதும் முதல் தடவையே பூட் ஆயிடுச்சு, நன்றி அண்ணே. 0271 வந்துட்டுத்தான் இருந்தது, எஃப்1-ல தேதி திருத்தியாச்சு, பேட்டரி வாங்கணும். இப்போ இன்ஸ்டாலர் கேள்வியா கேட்குது. டிஸ்க்ல எஸ்டி0, எஸ்டி1 ரெண்டு காட்டுது. நடுவுல என்கிரிப்ட் பண்ணவான்னு வேற கேட்குது. அங்கேயே நிறுத்தி வச்சிருக்கேன்.

#8 மூலவேர்

நல்ல இடத்தில் நிறுத்தினீர்கள்.

பெரும்பாலும் எஸ்டி0 உங்கள் எஸ்எஸ்டி, எஸ்டி1 பென்டிரைவ். "பெரும்பாலும்" போதாது. கேள்வி கேட்கும் இடத்தில் ஆச்சரியக்குறி ஒன்று தட்டி எண்டர் கொடுத்தால் ஷெல் திறக்கும். அங்கே டிமெசேஜ் (கர்னல் கண்ட வன்பொருள்களின் பதிவு) ஓட்டி எஸ்டி0 வரிக்குக் கீழே மெகாபைட் எவ்வளவு என்று பாருங்கள். 114,000 சொச்சம் என்றால் எஸ்எஸ்டி. எக்ஸிட் தட்டினால் விட்ட கேள்விக்கே திரும்பிவிடலாம். (120 ஜிபி என்று பெட்டியில் போட்டிருப்பது இங்கே 111.8 ஆகத்தான் காட்டும், காணாமல் போகவில்லை.)

என்கிரிப்ஷன் பற்றிக் கடைசியில். முதலில் மற்றவை. எக்ஸ் விண்டோவை எக்ஸ்இனோடிஎம் (வரைகலை லாகின் திரை) தொடங்கட்டுமா என்று கேட்டால் யெஸ். பயனர் ஒருவரை இங்கேயே உருவாக்குங்கள். இங்கே உருவாக்குபவர் வீல் குழுவிலும் ஸ்டாஃப் வகுப்பிலும் சேர்ந்துவிடுவார், பின்னால் யூசர்ஆட் போட்டால் டிஃபால்ட் வகுப்பில் போய் விழுவார், அதற்கு நினைவக வரம்பு குறைவு. பிரவுசர் திடீர் திடீரென்று சாவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

பார்ட்டிஷன் அட்டவணை: முழு டிஸ்க் எம்பிஆர். இது பயாஸ் மட்டும் உள்ள மெஷின், ஜிபிடி போட்டு வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

அடுத்து பிரிவுகள். ஆட்டோ லேஅவுட் காட்டுவதை அப்படியே ஏற்காதீர்கள். மூலநிரலும் அதைத் தொகுப்பதும் உங்களுக்கு வேண்டாம், ஆனால் அது யூஎஸ்ஆர்/எஸ்ஆர்சி, யூஎஸ்ஆர்/ஓபிஜே என்று இரண்டு பிரிவு ஒதுக்கி இடத்தைத் தின்னும். சி தட்டி கஸ்டம் போங்கள். 111 ஜிபிக்கு என் கணக்கு: ரூட் 1, ஸ்வாப் 9, டிஎம்பி 3, வார் 5, யூஎஸ்ஆர் 6, எக்ஸ்11ஆர்6-க்கு 1, யூஎஸ்ஆர்/லோக்கல் 20, ஹோம் 55. கூட்டினால் 100. மிச்சம் 11 சொச்சத்தை எதற்கும் ஒதுக்காமல் விடுங்கள். டிரிம் இல்லாத சிஸ்டத்தில் எஸ்எஸ்டி தன் உள் வேலைக்கு மூச்சு விட அந்த வெற்றிடம் உதவும்.

ஸ்வாப் 9 எதற்கு என்றால், ஹைபர்னேட் பண்ணும்போது ரேமில் உள்ளது ஸ்வாப்பில்தான் இறங்கும். நாளைக்கு 8 ஜிபி போட்டால் அப்போது ஸ்வாப்பைப் பெரிதாக்க வழியில்லை. எஃப்எஃப்எஸ் பிரிவைச் சுருக்க முடியாது. குரோஎஃப்எஸ் வளர்க்க மட்டும்தான் செய்யும், அதுவும் பக்கத்தில் காலி இடம் ஒட்டி இருந்தால். லோக்கலுக்கு 20-ஐக் குறைக்காதீர்கள், பேக்கேஜ் எல்லாம் அங்கேதான் குடியேறும், முதலில் நிரம்புவது அதுதான்.

இனி அந்தக் கேள்வி. செட்கள் (சிஸ்டத்தின் கோப்புத் தொகுப்புகள்) எங்கே என்று கேட்டால் டிஸ்க். ஏற்கனவே மவுன்ட் ஆகியிருக்கிறதா என்றால் நோ (இயல்பு விடை யெஸ் என்று இருக்கும், எண்டர் தட்டிக்கொண்டே போனவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்). எந்த டிஸ்க்: எஸ்டி1. பிரிவு: ஏ. பாதை அதுவே காட்டும். பிறகு எஸ்ஹெச்ஏ256.சிக் இந்த ஃபோல்டரில் இல்லை, சரிபார்க்காமல் தொடரவா என்று கேட்கும். யெஸ் கொடுக்க வேண்டும். ஐஎம்ஜிக்குள் அந்தக் கையொப்பக் கோப்பு வைக்கப்படுவதில்லை. அதனால்தான் முதலிலேயே ஐஎம்ஜியைச் சரிபார்க்கச் சொன்னேன். இந்த இடத்தில் வேறு காவல் கிடையாது.

செட்களில் கேம் வேண்டாம் என்றால் கழித்தல் குறி போட்டு கேம், நட்சத்திரம் தட்டினால் போய்விடும். எக்ஸ் செட்களை மட்டும் கழற்றாதீர்கள். டெர்மினல் போதும் என்று எக்ஸ்பேஸைக் கழற்றினால், பிறகு பேக்கேஜ் போடும்போது லைப்ரரி காணோம் என்று பிடிவாதம் பிடிக்கும்.

#9 கடுங்காப்பி

என்கிரிப்ஷன்: என் ஓட்டு நோ. பி8400-இல் ஏஇஎஸ் கட்டளைகள் கிடையாது. இன்டெல் அதை 2010 வாக்கில்தான் கொண்டுவந்தது, இது 2008 சிப். எல்லா எழுத்தும் படிப்பும் சிபியு தலையில் விழும். எஸ்எஸ்டி வாங்கின காசு வீண்.

#10 மூலவேர்

பாதி ஒப்புக்கொள்கிறேன். ஓபன்பிஎஸ்டியின் மென்பொருள் ஏஇஎஸ் வேகத்துக்காக எழுதப்பட்டது இல்லை. கால அளவை வைத்துச் சாவியை ஊகிக்க முடியாதபடி, எந்தத் தரவுக்கும் ஒரே நேரம் எடுக்கும்படி எழுதப்பட்டது. ஏஇஎஸ் கட்டளை இல்லாத சிப்பில் அதன் விலை நன்றாகத் தெரியும். டிமெசேஜில் சிபியு0 வரியில் ஏஇஎஸ் என்ற சொல் இருக்கிறதா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் லேப்டாப் என்பது திருடு போகிற பொருள். நடுவழி ஒன்று உண்டு: சிஸ்டத்தை வெறுமனே விட்டுவிட்டு ஹோமை மட்டும் பூட்டுவது. டிஸ்க்லேபலில் அந்த 55 ஜிபி பிரிவுக்கு ஃபைல் சிஸ்டம் வகை ரெய்ட் என்று கொடுங்கள். சிஸ்டம் ஏறிய பிறகு:

பயோசிடிஎல் -சி சி -எல் எஸ்டி0கே சாஃப்ட்ரெய்ட்0

கழித்தல் குறிக்குப் பின் வரும் சி சின்ன எழுத்து, அடுத்த சி பெரிய எழுத்து. கே என்பது உங்கள் பிரிவின் எழுத்து, வேறாக இருந்தால் மாற்றுங்கள். கடவுச்சொல் கேட்டு, புதிதாக ஒரு எஸ்டி எண் முளைக்கும். அதில் டிஸ்க்லேபல், நியூஎஃப்எஸ் போட்டு ஹோமாக மவுன்ட் பண்ண வேண்டியதுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: எஃப்எஸ்டேபில் (எந்தப் பிரிவு எங்கே மவுன்ட் ஆகும் என்ற பட்டியல் கோப்பு) அந்த வரிக்கு நோஆட்டோ சேர்த்து, கடைசி இரண்டு எண்ணும் 0 0 என்று இருக்கட்டும். இல்லையென்றால் பூட் ஆகும்போது இன்னும் பூட்டுத் திறக்காத டிஸ்கைத் தேடி, காணாமல், சிங்கிள் யூசரில் போய் உட்கார்ந்துவிடும்.

முழு டிஸ்கையும் பூட்டுவதாக இருந்தால் இன்ஸ்டாலர் கேள்விக்கு பி. அப்படிப் போட்டால் நிறுவும் டிஸ்க் எஸ்டி0 இல்லை, புதிதாக வரும் எஸ்டி2. பூட் லோடர் கடவுச்சொல்லைக் கேட்கும்போது விசைப்பலகை எப்போதும் அமெரிக்க அமைப்பில்தான் இருக்கும், அதற்கேற்ற எழுத்துகளாக வையுங்கள்.

#11 பனங்காட்டு_நரி

ஹோம் மட்டும் பூட்டறதுன்னு முடிவு. சிஸ்டம் ஏறியாச்சு, எக்ஸ் வந்தாச்சு. ஆனா வைஃபை இல்லை. ஐஎஃப்கான்ஃபிக்ல ஐடபிள்யூஎன்0 இருக்கு. மேலே தூக்கினா டிமெசேஜ்ல ஃபர்ம்வேரைப் படிக்க முடியலை, எரர் 2-ன்னு வருது. லேன் கேபிள் கைவசம் இல்லை (திட்டாதீங்க). இன்னொன்னு, பூட் ஆனதும் ரீஆர்டரிங் லைப்ரரிஸ்னு ஒரு வரியில கொஞ்ச நேரம் நிக்குது, லாகின் வந்த பிறகும் ஃபேன் சுத்துது.

#12 மூலவேர்

எரர் 2 என்றால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பொருள். கார்டு நல்லாயிருக்கிறது. ஃபர்ம்வேரின் உரிமம் இடம் கொடுக்காததால் அதை ஓபன்பிஎஸ்டி தன் வெளியீட்டில் சேர்ப்பதில்லை; முதல் பூட்டில் எஃப்டபிள்யூ_அப்டேட் தானே போய் இறக்கும், ஆனால் அதற்கு நெட் வேண்டும். நெட்டுக்கு வைஃபை வேண்டும், வைஃபைக்கு ஃபர்ம்வேர் வேண்டும். கோழியா முட்டையா கதைதான்.

கேபிள் இல்லாவிட்டால் இரண்டு வழி. சுலபமானது ஆண்ட்ராய்டு போன்: யுஎஸ்பி கேபிளால் செருகி, போனில் யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்கள். பெரும்பாலான போன்கள் யுஆர்என்டிஐஎஸ்0 என்று தோன்றும், அதற்கு ஃபர்ம்வேர் வேண்டாம். ஐஎஃப்கான்ஃபிக் யுஆர்என்டிஐஎஸ்0 ஐநெட் ஆட்டோகான்ஃப், பிறகு எஃப்டபிள்யூ_அப்டேட். முடிந்தது.

இரண்டாவது: வேறு கணினியில் ஃபர்ம்வேர்.ஓபன்பிஎஸ்டி.ஓஆர்ஜி தளத்தில் 7.8 ஃபோல்டரைத் திறந்து, ஐடபிள்யூஎன்-ஃபர்ம்வேர் என்று தொடங்கும் டிஜிஇசட் கோப்பையும், கூடவே எஸ்ஹெச்ஏ256.சிக் கோப்பையும் எடுத்து ஒரு ஃபேட் பென்டிரைவில் போடுங்கள். இங்கே அந்தப் பென்டிரைவின் பிரிவு ஐ என்ற எழுத்தில் வரும். ஓபன்பிஎஸ்டிக்குச் சொந்தமில்லாத பிரிவுகளுக்கு எழுத்து ஐ-யிலிருந்து தொடங்கும். மவுன்ட் -டி எம்எஸ்டாஸ் /டெவ்/எஸ்டி1ஐ /எம்என்டி. பிறகு எஃப்டபிள்யூ_அப்டேட் -பி /எம்என்டி. சிக் கோப்பை மறந்தால் கையொப்பம் சரிபார்க்க முடியாமல் நிற்கும்.

அதன்பின் ஈடிசி ஃபோல்டரில் ஹோஸ்ட்நேம்.ஐடபிள்யூஎன்0 என்று ஒரு கோப்பு, இரண்டே வரி:

ஜாயின் "வைஃபை பெயர்" டபிள்யூபிஏகீ "கடவுச்சொல்"
ஐநெட் ஆட்டோகான்ஃப்

சிஹெச்மாட் 640 போட்டுவிடுங்கள், உள்ளே கடவுச்சொல் இருக்கிறது. பிறகு எஸ்ஹெச் /ஈடிசி/நெட்ஸ்டார்ட் ஐடபிள்யூஎன்0. பழைய வழிகாட்டிகளில் இரண்டாம் வரி டிஹெச்சிபி என்று இருக்கும். இப்போது எழுத வேண்டியது ஐநெட் ஆட்டோகான்ஃப்.

அதற்கும் மேல் சேரவில்லை என்றால் ரவுட்டரைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் ஓபன்பிஎஸ்டிக்கு அது தெரியாது, டபிள்யூபிஏ2-வும் கலந்த முறைக்கு மாற்றுங்கள். ரொம்பப் பழைய ரவுட்டர் டபிள்யூபிஏ முதல் பதிப்பில் நின்றிருந்தாலும் சேராது. இயல்பாக டபிள்யூபிஏ2 மட்டும்தான் திறந்திருக்கும்.

ஃபேன் விஷயம்: ஒவ்வொரு பூட்டிலும் சில அடிப்படை லைப்ரரிகளை வரிசை கலைத்து மறுபடி கோக்கிறது. லாகின் வந்த பிறகு பின்னணியில் அடுத்த பூட்டுக்கான கர்னலையும் புதிதாகக் கோக்கிறது. ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு பூட்டிலும் நினைவக அமைப்பு வேறாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். கோர் 2 டுவோவுக்கு அது கொஞ்சம் மூச்சு வாங்கும் வேலை. அடங்கும் வரை விட்டுவிடுங்கள். லைப்ரரி பகுதியை ஆர்சிசிடிஎல் டிசேபிள் லைப்ரரி_ஏஎஸ்எல்ஆர் என்று நிறுத்தலாம், என்னைக் கேட்டால் வேண்டாம்.

#13 ஈயப்பற்று

ஃபர்ம்வேர் போட்ட பிறகும் "ரேடியோ இஸ் டிசேபிள்ட் பை ஹார்ட்வேர் சுவிட்ச்"னு வந்தா மூலவேரைக் கூப்பிடாதீங்க. லேப்டாப் முன் விளிம்புல ஒரு குட்டி ஸ்லைடு சுவிட்ச் இருக்கு. பையில வச்சு எடுக்கும்போது தானா நகரும். தள்ளிவிட்டாப் போதும்.

#14 கடுங்காப்பி

வைஃபை முடிஞ்சது. கரண்ட் விஷயத்தை யாரும் பேசலையே.

#15 மூலவேர்

பேசுவோம். கரண்ட் போய் மெஷின் அணைந்தால் அடுத்த பூட்டில் எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டச் சோதனை) தானே ஓடும். எஸ்எஸ்டியில் அது நீண்ட நேரம் எடுக்காது, பெரும்பாலும் தானே சரிசெய்து மேலே போய்விடும். சில நேரம் தன்னால் முடிவெடுக்க முடியாத குழப்பம் இருந்தால், தானியங்கிச் சோதனை தோற்றது, ஹெல்ப் என்று அலறிவிட்டு ஷெல் பாதை கேட்கும். எண்டர் தட்டுங்கள். எஃப்எஸ்சிகே -ஒய் ஓட்டுங்கள், முடிந்ததும் ரீபூட். உரிமையாளர் தெரியாத துண்டுகள் லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டரில் எண் பெயரோடு கிடக்கும். பூட்டிய ஹோமுக்கு இது தானாக நடக்காது, நோஆட்டோ போட்டோமே. ஒவ்வொரு முறையும் பயோசிடிஎல்-ஆல் திறந்ததும், மவுன்ட் பண்ணும் முன் அந்தப் பிரிவின் மேல் எஃப்எஸ்சிகே ஓட்டும் பழக்கம் வையுங்கள். நான்கு வரி ஷெல் ஸ்கிரிப்ட் போதும்.

எஃப்எஸ்சிகே காப்பாற்றுவது ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பை. கடைசி நிமிடத்தில் தட்டிய பத்தியை அது காப்பாற்றாது. கடுங்காப்பிக்குப் பிடிக்காத செய்தி, இஎக்ஸ்டி4-இன் ஜர்னலும் இயல்பு அமைப்பில் கட்டமைப்பைத்தான் காக்கிறது. ஆனால் பூட் ஆகும் வேகத்திலும், ஆள் இல்லாமல் தானே எழுவதிலும் அவர் பக்கம்தான் வெற்றி.

பழைய குறிப்புகளில் எஃப்எஸ்டேபில் சாஃப்ட்டெப் சேர்க்கச் சொல்வார்கள். 7.4-லிருந்து அது வெறும் சொல், ஒன்றும் செய்யாது. நோஏடைம் சேர்க்கலாம், வெறுமனே படிப்பதற்கெல்லாம் எழுதுவது குறையும். எஃப்எஸ்டேபில் கை வைக்கும்போது லோக்கல் பிரிவின் டபிள்யூஎக்ஸ்அலவ்ட் என்ற சொல்லை மட்டும் அழித்துவிடாதீர்கள், அழித்தால் பிரவுசர் திறந்த மறுகணம் செத்துவிடும். அந்தக் கோப்பில் டிஸ்க் பெயருக்குப் பதில் நீளமாக ஒரு எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது டிஸ்கின் அடையாள எண். சிமாஸ் மறந்துபோய் சாட்டா முறை மாறி எஸ்டி0 என்பது டபிள்யூடி0 ஆனாலும் பூட் ஆவது அதனால்தான்.

பேட்டரி செத்த மெஷினை சஸ்பெண்டில் விடுவது வீண், கரண்ட் போனால் ரேமும் போச்சு. முதலில் மின் மேலாண்மைச் சேவையான ஏபிஎம்டியை இயக்குங்கள்: ஆர்சிசிடிஎல் எனேபிள் ஏபிஎம்டி, ஆர்சிசிடிஎல் செட் ஏபிஎம்டி ஃப்ளாக்ஸ் -ஏ, ஆர்சிசிடிஎல் ஸ்டார்ட் ஏபிஎம்டி. அந்த ஏ பெரிய எழுத்து.  இசட் மூன்று முறை சின்ன எழுத்தில் தட்டினால் சஸ்பெண்ட், பெரிய எழுத்தில் தட்டினால் ஹைபர்னேட். எழுந்து போகும்போது பெரிய எழுத்து. மூடியை மூடினாலே ஹைபர்னேட் ஆக வேண்டும் என்றால் ஈடிசி ஃபோல்டரில் சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பில் மெஷ்டெப்.லிட்ஆக்ஷன்=2. இயல்பு 1, அது சஸ்பெண்ட். 0 என்றால் மூடினாலும் ஓடும்.

#16 ஈயப்பற்று

இல்லேன்னா ஒரு பேட்டரி வாங்கிப் போட்டுடலாம். அரை மணி நேரம் தாங்கினாலே அதுதான் யுபிஎஸ்.

#17 பனங்காட்டு_நரி

போன் டெதரிங்ல ஃபர்ம்வேர் இறங்கிடுச்சு, வைஃபை ஓடுது. ஃபயர்பாக்ஸ் போட்டாச்சு. அதுல ரெண்டு சிக்கல். ஹோம்ல டாக்குமென்ட்ஸ்ல இருக்கிற கோப்பை அப்லோட் பண்ணப் போனா ஃபோல்டரே காலியா காட்டுது. எல்எஸ் போட்டா கோப்பு இருக்கு. ரெண்டாவது, தமிழ். எக்ஸ்டெர்ம்ல "கொ" அடிச்சா கொம்பு ககரத்துக்குப் பின்னாடி போய் நிக்குது.

#18 குழாய்வழி

முதலாவது கோளாறு இல்லை, காவல். ஓபன்பிஎஸ்டியின் ஃபயர்பாக்ஸ் அன்வெயில் (நிரல் எந்தப் பாதைகளைப் பார்க்கலாம்னு கட்டுப்படுத்துற வசதி) போட்டுக் கட்டப்பட்டிருக்கு. உங்க கோப்புகளில் டவுன்லோட்ஸ் ஃபோல்டர்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். எஸ்எஸ்ஹெச் சாவி இருக்கிற ஃபோல்டரை பிரவுசர் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. கோப்பை டவுன்லோட்ஸுக்கு நகலெடுத்து அப்லோட் பண்ணுங்க. பழகிக்குவீங்க. ஈடிசியில் ஃபயர்பாக்ஸ் ஃபோல்டரில் அன்வெயில்.மெயின் கோப்பில் கூடுதல் பாதை சேர்க்கலாம், ஆனா முழு ஹோமையும் திறந்துவிட்டா இந்த ஏற்பாடு எதுக்கு?

தமிழுக்கு: எக்ஸ்டெர்ம் எழுத்துகளைக் கட்டம் கட்டமாக அடுக்கும், வடிவமைக்காது. சேமிக்கப்படும் எழுத்து சரியாத்தான் இருக்கும், காட்டுறதுதான் தப்பு. தமிழ் எழுத மவுஸ்பேட், ஜீனி மாதிரி ஜிடிகே எடிட்டர் போடுங்க, அங்கே கொம்பு ஒழுங்கா முன்னாடி வரும். எழுத்துருவுக்கு நோட்டோ-ஃபான்ட்ஸ் பேக்கேஜ். விசைப்பலகைக்கு ஹோமில் .எக்ஸ்செஷன் கோப்பில்:

எக்ஸ்போர்ட் எல்சி_சிடைப்=ஈஎன்_யூஎஸ்.யூடிஎஃப்-8
செட்எக்ஸ்கேபிமேப் -லேஅவுட் யுஎஸ்,ஐஎன் -வேரியன்ட் ,டிஏஎம்_டமில்நெட் -ஆப்ஷன் ஜிஆர்பி:ஆல்ட்_ஷிஃப்ட்_டாகிள்

வேரியன்ட்டுக்குப் பிறகு வர்ற காற்புள்ளியை விடாதீங்க, ஆங்கில அமைப்புக்கு வேரியன்ட் இல்லைன்னு சொல்றது அதுதான். ஆல்ட், ஷிஃப்ட் சேர்த்து அமுக்கினா மொழி மாறும். இது தமிழ்99-இன் விசை இடங்கள் மட்டும். தமிழ்99-இல் மெய்க்குப் பின் அ-னா, இ-னா தட்டினா தானே உயிர்மெய் ஆகுமே, ஒரே மெய்யை இருமுறை தட்டினா புள்ளி விழுமே, அந்தப் புத்தி எக்ஸ்கேபி-க்கு இல்லை. ஒரு விசைக்கு ஒரு குறி, அவ்வளவுதான். உயிர்க்குறியும் புள்ளியும் நீங்களே தட்டணும்.

#19 பனங்காட்டு_நரி

புரிஞ்சது, கை பழகணும். கடைசியா ஒண்ணு. சிவப்புக் குமிழ் வேலை செய்யுது, நடு பட்டனை அமுக்கிக்கிட்டு ஸ்க்ரோல் பண்றது மட்டும் வரலை. அப்புறம் தினசரி என்ன பராமரிப்பு?

#20 மூலவேர்

அதே .எக்ஸ்செஷன் கோப்பில் மூன்று வரி:

எக்ஸ்இன்புட் செட்-பிராப் "/டெவ்/டபிள்யூஎஸ்மவுஸ்" "டபிள்யூஎஸ் பாயிண்டர் வீல் எமுலேஷன்" 1
எக்ஸ்இன்புட் செட்-பிராப் "/டெவ்/டபிள்யூஎஸ்மவுஸ்" "டபிள்யூஎஸ் பாயிண்டர் வீல் எமுலேஷன் பட்டன்" 2
எக்ஸ்இன்புட் செட்-பிராப் "/டெவ்/டபிள்யூஎஸ்மவுஸ்" "டபிள்யூஎஸ் பாயிண்டர் வீல் எமுலேஷன் ஆக்ஸஸ்" 6 7 4 5

எக்ஸ்இன்புட் என்று மட்டும் தட்டினால் சாதனப் பட்டியல் வரும். அங்கே பெயர் வேறாக இருந்தால் அதைப் போடுங்கள். மூன்று வரியும் விண்டோ மேனேஜரைத் தொடங்கும் வரிக்கு மேலே இருக்க வேண்டும், கீழே போட்டால் நீங்கள் லாக்அவுட் ஆகும்போதுதான் ஓடும்.

தினசரி ஒன்றுமில்லை. டோஆஸ் (லினக்ஸின் சூடோ மாதிரி) வேண்டுமென்றால் ஈடிசி/எக்ஸாம்பிள்ஸிலிருந்து டோஆஸ்.கான்ஃபை ஈடிசிக்கு நகலெடுங்கள். அவ்வப்போது ரூட்டாக சிஸ்பேட்ச் (சிஸ்டத்துக்கான திருத்தங்கள்), பிறகு பிகேஜி_ஆட் -யு (பேக்கேஜ் புதுப்பிப்பு). ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது வெளியீடு வரும், அப்போது சிஸ்அப்கிரேட். கடைசி இரண்டு வெளியீட்டுக்குத்தான் திருத்தங்கள் வரும், ஒரு வருடத்துக்கு மேல் தூங்க விடாதீர்கள்.

உங்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை உண்டு. சிஸ்அப்கிரேட் தான் இறக்கும் செட்களை ஹோமுக்குள் _சிஸ்அப்கிரேட் ஃபோல்டரில் வைத்துவிட்டு, ரீபூட் ஆகி, அங்கிருந்து எடுக்கப் பார்க்கும். உங்கள் ஹோம் அந்த நேரத்தில் பூட்டிக் கிடக்கும். சிஸ்அப்கிரேட் ஓட்டும் முன் ஹோமை அன்மவுன்ட் பண்ணினாலோ செட்கள் ரூட் பிரிவில் போய் இறங்கும். அங்கே இருக்கும் 1 ஜிபி செட்களுக்குப் போதாது. பேசாமல் புது ஐஎம்ஜியைப் பென்டிரைவில் எழுதி, பூட் பண்ணி, முதல் கேள்விக்கு யு தட்டுங்கள். ஐஎம்ஜிதான், ஐஎஸ்ஓ இல்லை.